நெதர்லாந்திலிருந்து ஒரு தட்கல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம், தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டது நிறைய. தாராவியில் எங்கள் சந்தில் யார் வீட்டில் எது நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் அதை அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். பாதி நேரம் ஓடிவிடும். ஓடாவிட்டால் "மதர்போர்டு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். (அந்த வார்த்தைக்கு அப்புறம் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்டதில்லை.) இந்த அளவோடு நிறுத்திக்கொண்டிருந்தால், என் அக்கா மகள் காதுகுத்துக்குத் தாய்மாமனாக லட்சணமாகப் போய் உட்கார்ந்திருப்பேன்.

இது நடந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, வாஷியில் ஒரு அலுவலகத்தில் வேலை. ஒரு நாள் எங்களையெல்லாம் ஏ.சி. அறையில் உட்காரவைத்து, வெளியிலிருந்து வந்த ஒருவர் தகவல் பாதுகாப்பு பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். நீங்கள் இணையத்தில் தேடுவது, படிப்பது, வாங்குவது எல்லாவற்றையும் யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். மற்றவர்கள் சமோசா எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன். அதற்கு முந்தைய வாரம்தான், முன்மண்டையில் முடி கொட்டினால் என்ன செய்வது என்று ஒரே ஒரு தடவை தேடியிருந்தேன். அன்றிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரத்தில் ஒரு வழுக்கைத் தலை நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. பக்கத்து சீட்டு வர்ஷா அதைப் பார்த்தாள். அப்புறம் என் முன்மண்டையைப் பார்த்தாள்.

எனக்கு இயல்பிலேயே நிலைகொள்ளாத சுபாவம். குர்லாவில் வண்டி நிற்பதற்கு முன்பே ஒரு காலைத் தொங்கவிடுகிற ஆள். அன்று வாஷியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள், என் அந்தரங்கத்தைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கீழே ஒரு அறை, ஏணி வைத்து ஏறினால் மேலே ஒரு அறை. பகலில் கதவைச் சாத்துகிற வழக்கம் கிடையாது, சாத்தினால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நாலு பேர் விசாரிக்க வந்துவிடுவார்கள். நான் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து "நூறு வயசு" என்று குரல் வரும். எனக்கு எந்தக் கிழமை வயிறு சரியில்லை என்பதுகூடச் சந்துக்கே தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத யாரோ என்னைப் பார்க்கிறான் என்று பதறினேன். யோசித்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அந்தப் பயிற்சியாளர் சொன்ன மருந்து வி.பி.என். என்ற மென்பொருள். அதைப் போட்டால் நாம் இருக்கிற இடம் மறைந்துவிடும். வேறு ஏதோ ஒரு நாட்டிலிருந்து இணையத்துக்குள் வருகிற மாதிரி காட்டும். இலவசமாகக் கிடைத்த ஒன்றைப் பிடித்தேன். இலவசம் என்பதால் அதில் ஒரே ஒரு நாடுதான் இருந்தது, நெதர்லாந்து. எனக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை.

முதலில் என் விண்டோஸ் லேப்டாப். அது சுலபம். அடுத்து, அடுத்து, அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போனேன். டிக் போடுகிற கட்டம் எங்கே கண்டாலும் டிக் போட்டுவிடுவது என் பழக்கம். (பரீட்சையிலும் அப்படித்தான். மார்க்கைக் கேட்காதீர்கள்.) கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகவே ஓட வேண்டுமா என்று கேட்டது, டிக். மென்பொருள் நின்றால் இணையத்தையே அறுத்துவிடவா என்று கேட்டது, அதற்கும் டிக். கடைசியில் பார்த்தால் கூடவே ஒரு செஸ் விளையாட்டும் வந்து உட்கார்ந்திருந்தது. வழுக்கைத் தலை மறைந்துவிட்டது. அதன் இடத்தில் புரியாத மொழியில் ஒரு சைக்கிள் விளம்பரம். எனக்கு உலகத்தையே ஜெயித்த சந்தோஷம்.

சந்தோஷம் வந்தால் நான் தனியாக வைத்துக்கொள்கிறவன் இல்லை. எதிர் வரிசையில் தோல் பை பட்டறை வைத்திருந்த தங்கராஜ் அண்ணாச்சியிடம் போனேன். அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸ், வாங்கின கடையிலேயே போட்டுக் கொடுத்தது. லினக்ஸில் அமுக்குகிறதற்குப் பொத்தான் ஒன்றும் அகப்படவில்லை. ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் பதினான்கு வரிக் கட்டளைகள் கிடந்தன. ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாமல் ஒவ்வொன்றாகக் கறுப்புத் திரையில் எடுத்து ஒட்டினேன். நடுவில் அது பாஸ்வேர்டு கேட்டது. அண்ணாச்சி ஒரு விரலால் அடித்தார். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துப்போச்சு என்று அதைத் தூக்கிக் கவிழ்த்துத் தட்ட ஆரம்பித்துவிட்டார். லினக்ஸில் பாஸ்வேர்டு அடிப்பது கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு பாதுகாப்பு என்று விளக்கினேன். (எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.) எல்லாம் முடிந்தபிறகு அண்ணாச்சி கேட்டார்.

"லிஸ்ட்ல திருநெல்வேலி கெடையாதாடே?"

இல்லை அண்ணாச்சி, நெதர்லாந்துதான் என்றேன். அவர் முகத்தில் ஒரு சின்ன வருத்தம் தெரிந்தது.

மூன்றாவது மாட்டுங்காவில். என் பழைய மேனேஜர் வைத்தி சார், பாலக்காட்டுக்காரர், ரிடையர் ஆகி வீட்டோடு இருந்தார். வெளிநாட்டில் இருக்கிற மகள் வாங்கித் தந்த மேக் ஒன்று வைத்திருந்தார். மேக்கில் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். நான் ஒவ்வொன்றாகச் சரி சரி என்று கொடுத்துக்கொண்டிருக்க, சார் காபியை ஆற்றிக்கொண்டே, இப்போது யாருக்குப் பெர்மிஷன் கொடுக்கிறோம் என்று ஏழு தடவை கேட்டார். கடைசியில் அது ஒரு பாஸ்வேர்டு கேட்டது. அது மகளுக்குத்தான் தெரியும். போன் போட்டு வாங்கி, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். நான் அதைப் பார்த்து அடித்து முடித்த கையோடு தாளை எட்டாகக் கிழித்தேன். பாஸ்வேர்டை எழுதி வைப்பதைவிட ஆபத்து வேறு இல்லை சார் என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். சார் அந்தக் காகிதத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளின் முன்பக்கத்தில் ஏகாதசி குறித்து வைத்திருந்தாராம்.

அதோடு விட்டேனா? சந்தில் ஒவ்வொரு வீடாகப் போய் எல்லோருடைய போனிலும் போட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொன்னது பக்கத்து வீட்டுப் பார்வதி மதினி ஒருத்திதான். "எனக்கு ஒளிக்கதுக்கு என்ன இருக்கு தம்பி? எம் புருசன் குடிக்கது தெருவுக்கே தெரியும்" என்றாள். படிக்காதவள், போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்கப் புகார்கள். கிரிக்கெட் திறக்கவில்லை, பேங்க் உள்ளே விடவில்லை, நாடகம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன். திறக்கவில்லை என்றால் பாதுகாப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இப்போது காதுகுத்துக்கு வருகிறேன். என் அக்கா பேச்சியம்மாளை நாங்குநேரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை மாரிச்செல்வி. சாஸ்தா கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். எட்டு வருஷமாக அக்கா ஊரில் கேட்ட பேச்சுகள் எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தின் நடுவில் தன் தம்பி மடியில் தன் பிள்ளை உட்கார வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. போனில் நாலு தடவை சொல்லிவிட்டாள்.

கோயிலில் நாள் கிடைத்ததே மூன்று வாரத்துக்கு முன்புதான். வெள்ளிக்கிழமை காலை, ராகுகாலத்துக்கு முன்னால். எனக்கும் அம்மாவுக்கும் எடுத்த டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டிலேயே கிடந்தது. மிஞ்சியது தட்கல்தான். புதன்கிழமை வண்டிக்குச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் திறக்கும், மூன்று நாலு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதற்கு எங்கள் சந்தில் ஒரு முறை உண்டு. யார் வீட்டில் யார் ஊருக்குப் போவதாக இருந்தாலும், கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து முயற்சி பண்ணுவோம். யாருக்காவது ஒருவருக்கு விழும். அன்றைக்கு என் லேப்டாப், அண்ணாச்சியின் லினக்ஸ், மாட்டுங்காவில் வைத்தி சாரின் மேக். மூன்று பேரிடமும் பெயர், வயது எழுதின சீட்டு. அம்மா முறுக்கு, பட்டுப்பாவாடை, கொலுசு எல்லாவற்றையும் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

பத்தே முக்காலுக்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி எழுந்தேன். அம்மா, ஒரு இடத்தில் உட்காரு என்று அதட்டினாள். பத்து ஐம்பத்தெட்டுக்குத் தளத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரை. கூட்டம் அதிகம் என்று நினைத்து மறுபடி அமுக்கினேன். வெள்ளைத் திரை. பதினொன்று. எதிர்ப் பட்டறையிலிருந்து அண்ணாச்சி, தனக்கும் திறக்கவில்லை என்று கத்தினார். அணைத்துவிட்டுப் போடுங்கள் என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். (எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே.) பதினொன்று ஒன்று. வைத்தி சார் போனில் வந்தார். அவர் எப்போதும்போல நிதானமாகத்தான் பேசினார்.

"முத்து, இங்க இங்கிலீஷ்ல ஒண்ணு எழுதியிருக்கு. நாம இருக்கற நாட்டுலேருந்து இதைத் திறக்க முடியாதாம். நான் மாட்டுங்காவுலன்னாடா இருக்கேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வீட்டிலிருந்து மூன்று பேர் மும்முரமாக தட்கல் எடுத்துக்கொண்டிருக்கிறோம், மூன்று பேரும் நெதர்லாந்தில். என் கையாலேயே அனுப்பி வைத்தேன். அங்கிருந்து நாகர்கோவில் வண்டிக்கு எவன் டிக்கெட் தருவான்?

லேப்டாப்பில் அதை நிறுத்தினேன். நான் டிக் போட்டு வைத்திருந்தபடியே அது இணையத்தையும் அறுத்துவிட்டது. பட்டறைக்கு ஓடினேன். பதினான்கு வரியை ஒட்டத் தெரிந்த எனக்கு ஒரு வரியைக்கூட எடுக்கத் தெரியவில்லை. அண்ணாச்சி, மதர்போர்டா என்று மெதுவாகக் கேட்டார். மேக்கில் நிறுத்தச் சொன்னால் அது பாஸ்வேர்டு கேட்கிறதாம். மகள் போனை எடுக்கவில்லை. கிழித்த தாளைப் பற்றி வைத்தி சார் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிடுகிறேன். என் போனிலும் அதே நெதர்லாந்துதான், அதை அணைக்கிற இடம் எனக்கு அன்று சாயங்காலம்தான் அகப்பட்டது. சந்தில் ஓடி யார் போனைப் பிடுங்கினாலும், அதிலும் நான் போட்டு வைத்திருந்தேன்.

அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். ஓடிக்கொண்டே சொன்னேன், நாம் இருக்கிற இடம் வெளியே தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறேன் என்று.

"யாருட்ட இருந்துல ஒளியுத? நம்மள யாரு தேடுதா?" என்றாள்.



அப்போதுதான் பார்வதி மதினி தன் போனோடு வந்து, நான் பாக்கட்டுமா தம்பி என்றாள். சந்தில் இந்தியாவுக்குள் இருந்த ஒரே போன் அதுதான். சீட்டைப் பார்த்து ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தாள். நான் பிடுங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். சீட்டில் என் பெயர்தான் முதலில் இருந்தது. அவளுக்கு அது முறையாகப் படவில்லை. பெரியவர்கள் பெயர்தானே முதலில் வர வேண்டும் என்று அம்மா பெயரை முதலில் போட்டாள். அதை அடித்து முடிக்கும்போது மிச்சம் மூன்றே மூன்று இடம் காட்டியது, அடுத்த நொடி இரண்டு. ஒன்றாவது கிடைக்கட்டும் என்று அந்த ஒரு பெயரோடு அமுக்கிவிட்டாள். டிக்கெட் விழுந்தது. அறுபத்தொரு வயது அம்மாவுக்கு, பக்கவாட்டு மேல் படுக்கை. எனக்கு இல்லை. தட்கலில் பெயர் மாற்றவும் முடியாது.

அம்மா போகமாட்டேன் என்றாள். அண்ணாச்சி, ரிசர்வ் இல்லாத டிக்கெட்டோடு அம்மா கூடவே ஏறி ஓரமாக நின்றுகொள், அப்படிப் போகாதவன் யாருடே என்று தைரியம் சொன்னார். மறுநாள் தாதரில் அப்படித்தான் ஏறினேன். தானே ஸ்டேஷன் வரைக்கும் கழிப்பறைப் பக்கம் நின்றேன். அதற்கு மேல் டிக்கெட் பார்க்கிற டி.டி.ஆர். வந்துவிட்டார், மராட்டிக்காரர். எனக்குத் தெரிந்த ஹிந்தி எல்லாவற்றையும் கொட்டினேன். எட்டு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை, காதுகுத்து, நான்தான் மாமா, என் மடியில்தான் குத்துவார்கள் என்று. அவர் முழுசாகக் கேட்டார். தானும் ஒரு மாமாதான் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் டிக்கெட் எடுத்த மாமா என்று சொல்லி, கல்யாணில் இறக்கிவிட்டார்.

அங்கே பொதுப் பெட்டிக்கு ஓடினேன். கதவைத் திறக்கவே இடமில்லாமல் உள்ளே ஆட்கள் அப்பிக்கிடந்தார்கள். வண்டி நகர்ந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அம்மா முகம் போயிற்று. என் பையும் அவளோடு போய்விட்டது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி நடக்கிற காதுகுத்துக்குக் கல்யாண் வரைக்கும் போய்விட்டு, லோக்கல் வண்டி பிடித்துத் திரும்பி வந்தேன். அக்காவிடம் போனில் சொன்னபோது அவள் திட்டவில்லை. சரி, அம்மாவாவது வாராவல்லா என்று வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் அன்று ராத்திரி சாப்பிட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை வீட்டில் உட்கார முடியவில்லை. லீவு போட்டிருந்தும் ஆபீசுக்குப் போனேன். ஒன்பதரைக்கு அத்தான் வீடியோ காலில் வந்தார். மாடிப்படியில் நின்று பார்த்தேன். கோயில் வாசலில் மனைப் பலகை. அதில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை விரித்திருந்தது. என்னுடையது, ரயிலில் போன பையில் இருந்தது. அதன் மேல் மொட்டைத் தலையோடு பிள்ளை.

யாரோ, பங்காளி வீட்டுப் பையன் ஒருவனை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாதான் பையைத் திறந்து சட்டையை எடுத்திருக்கிறாள். "அவன் மடிதான் வரல. அவன் சட்டை வந்திருக்குல்லா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டே சட்டைப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. நானும் அழுதேன். வர்ஷா தண்ணீர் பாட்டிலோடு படியேறி வந்தவள், என்னைப் பார்த்துவிட்டு அதை அப்படியே கொடுத்துவிட்டுப் போனாள்.

சந்தில் ஒவ்வொரு போனாக நெதர்லாந்திலிருந்து மீட்டுக் கொண்டுவர மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. இனி முத்து அதில் கை வைக்க வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டதால், வைத்தி சார் மட்டும் அவள் நேரில் வருகிறவரை அங்கேயே இருந்தார். நாலைந்து மாதம் தினமும் சைக்கிள் விளம்பரம் பார்த்து, கடைசியில் இந்தக் கிழவனையும் ஒரு சைக்கிள் வாங்கப் பண்ணிட்டான் என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

போன வருஷம் அக்காவின் இரண்டாவது பிள்ளைக்குக் காது குத்தினார்கள். இந்தத் தடவை கம்ப்யூட்டரையே நம்பவில்லை. விடியற்காலையில் ரிசர்வேஷன் கவுன்டரில் போய் வரிசையில் நின்று, இரண்டு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்து, பத்து நாள் முன்னதாகவே போய் இறங்கிவிட்டேன். மனையில் உட்கார்ந்து மடியைக் காட்டினேன். அப்போது செல்வி ஓடிவந்து தடுத்தாள். அவளுக்கு இப்போது ஆறு வயது, ஆல்பத்தில் தன் படத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். மாமா சட்டை விரிக்காமல் எப்படிக் காது குத்துவது என்று ஒரே பிடிவாதம். நான்தான் வந்திருக்கிறேனே என்றேன். அது வேற, சட்டை வேற என்றாள். கடைசியில், போட்டிருந்த புதுச் சட்டையைக் கழற்றி என் மடியில் நானே விரித்துக்கொண்டு, வெறும் பனியனோடு தாய்மாமன் சடங்கு செய்தேன்.

அத்தோடு முடியவில்லை. அத்தானின் தம்பி மகளுக்குக் காதுகுத்து வந்தபோது, அந்தப் பிள்ளையின் மாமாவும் சட்டையைக் கழற்றி விரித்தாராம். கேட்டதற்கு, பம்பாய்க்காரங்க வீட்டு முறை, சாஸ்திரம் என்று சொல்லியிருக்கிறார்கள். யாராவது போன் பண்ணி அதற்கு விளக்கம் கேட்டால் நான் ஏதோ பழைய வழக்கம் என்று மழுப்பப் பார்ப்பேன். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கி, கதவு திறந்தபடி இருக்க, சந்து முழுக்கக் கேட்கும்படி நெதர்லாந்திலிருந்து ஆரம்பித்துவிடுவாள்.